மாடிக்குச் சீரியல் செட்டு, கொட்டாய்க்கு இருட்டு

இரவு நேரத்துச் சென்னையைப் படம் பிடித்துப் போடாத பத்திரிகை உண்டா? உயரமான கட்டடங்கள், அவற்றின் உடம்பெல்லாம் ஓடுகிற நீலமும் சிவப்பும், கீழே 'ஒளி வெள்ளத்தில் மாநகரம்' என்று ஒரு வரி. நகரம் வளர்ந்துவிட்டது, நாடு முன்னேறிவிட்டது என்று அந்தப் படம் சொல்கிறது. பார்ப்பவர்களும் நம்புகிறார்கள். அந்த விளக்கை அங்கே ஏறிக் கட்டியவன் யார், அது எரிய யாருடைய ஊரில் விளக்கு அணைந்தது என்று படத்துக்குக் கீழே எழுதுவதில்லை. எழுதாத அந்த வரியை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

நான் கொல்லிமலைக்காரன். பதினாலு நாடுகளாகப் பிரிந்து கிடக்கிற மலையில் ஆலத்தூர் நாடு என்னுடையது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற சுற்றுலாக்காரர்கள் ஆகாய கங்கையைப் பார்த்துவிட்டு, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அன்னாசியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார்கள். நாங்கள் இருக்கிற பக்கம் அவர்கள் வண்டி திரும்புவது குறைவு. மலை விளிம்பில் ராத்திரி நின்றால் கீழ்நாடு முழுக்க விளக்கு தெரியும். சின்ன வயசில் என் ஆயா அதைக் காட்டி, "அங்கெல்லாம் ராத்திரியே கெடையாது கண்ணு" என்பாள். எங்கள் ஊட்டில் அப்போது சீமெண்ணெய் விளக்கு. அதையும் சாப்பிட்டு முடித்ததும் ஊதி அணைத்துவிடுவார்கள்.

அந்த விளக்குகளைப் பார்த்து ஆசைப்பட்டவன்தான் நானும். இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வெளிச்சத்தை வெறுக்கிற சாமியாராக நான் பேச வரவில்லை.

*

எங்க அப்பா வாழ்நாளில் ஒரே ஒருமுறை மதராஸ் போனார். திரும்பி வந்து அவர் சொன்னது கடலைப் பற்றி அல்ல, எல்.ஐ.சி. கட்டடத்தைப் பற்றி. 1959-ல் திறந்த பதினாலு மாடி. நாடு முழுக்கவே அதைவிட உயரமான கட்டடம் அன்றைக்கு இல்லை. சினிமாவில் கிராமத்துக் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட எல்.ஐ.சி.யை ஒருமுறை காட்டினால் போதும். எங்க அப்பாவும் அண்ணா சாலையில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறார். "உள்ள போனீங்களாப்பா?" என்று கேட்டேன். "நம்மள எதுக்கு உள்ள விடுவாங்க? வெளிய நின்னு பாக்கத்தானே அத்தா பெருசா கட்டி வச்சிருக்காங்க" என்றார்.

அவர் சொன்ன அதே காரியத்துக்குத்தான் கட்டடத்துக்கு அலங்கார விளக்கும் போடுகிறார்கள். உள்ளே வேலை செய்ய உள்ளே விளக்கு இருக்கிறது. படிக்கட்டுக்கு, வாசலுக்கு, வண்டி நிறுத்தும் இடத்துக்கு விளக்கு வேண்டும். விமானத்துக்குத் தெரிய உச்சியில் சிவப்பு விளக்கு வேண்டும். இதையெல்லாம் யாரும் குறை சொல்லவில்லை. வெளிச் சுவரில் வரிவரியாகப் பதித்து, கணினி சொல்கிறபடி நிறம் மாறுகிற விளக்கு இருக்கிறதே, அது யாருக்கும் வழி காட்டுவதில்லை. நான் உயரம், நீ அண்ணாந்து பார் என்று சொல்வதுதான் அதன் ஒரே வேலை. கோயில் கோபுரம் நூற்றாண்டுகளாக நம்மிடம் என்ன சொன்னதோ அதையேதான் இதுவும் சொல்கிறது. கோபுரத்தைத் தூரத்தில் நின்று கும்பிடலாம், உள்ளே வராதே என்றார்கள். மாடியைத் தெருவில் நின்று ரசிக்கலாம், வாசலில் காவலாளி நிற்பான்.

*

இனி, விளக்கைக் கட்டுகிறவன் கதை.

மலையில் சாமையும் கேழ்வரகும் போட்டுச் சாப்பிட்ட காலம் போய், மரவள்ளி போட்டுக் கடன்பட்ட காலம் வந்ததும், எங்கள் பையன்கள் இறங்கினார்கள். ஒருத்தன் ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனான். ஒருத்தன் கேரளத்துத் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போனான். என் தம்பி சென்னைக்குப் போனான். முதலில் சாரம் கட்டுகிற வேலை. மலைக்காரன், மரம் ஏறுவான், பயம் கிடையாது என்று காண்ட்ராக்ட்காரர் அவனை மேலே அனுப்பிவிட்டார். பிறகு விளக்கு வேலை.

அந்த வேலை எப்படி என்றால், முதலில் அலுமினியப் பட்டையைச் சுவரில் துளை போட்டு முடுக்க வேண்டும். அதற்குள் எல்.இ.டி. பட்டியைப் பதித்து, மழைத் தண்ணீர் போகாமல் பசை அடைத்து, ஒயரை மாடிக்கு மாடி இறக்க வேண்டும். நிரந்தரமாக விளக்கு பதிக்காத கட்டடங்களுக்குத் தீபாவளி, புத்தாண்டு, சுதந்திர தினம் என்றால் சீரியல் செட்டு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சரம் சரமாகத் தொங்கவிட்டு, காற்றில் ஆடாமல் நடுநடுவே இழுத்துக் கட்ட வேண்டும். பகலில் ஆபீஸ் நடக்கும், கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று பெரும்பாலும் ராத்திரியில்தான் இந்த வேலை. வெளிச்சம் கட்டுகிறவன் இருட்டில் நெற்றி விளக்கோடு தொங்குகிறான்.

மலையில் தொட்டில் என்றால் ரோடு இல்லாத ஊரிலிருந்து நோயாளியைக் கம்பில் கட்டித் தூக்கி வருவது. சென்னையில் தொட்டில் என்றால் கயிற்றில் இறங்குகிற இரும்புக் கூண்டு. "ரெண்டுலயும் நம்மாளுதாண்ணா" என்று தம்பி ஒருநாள் போனில் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவனோடு வேலை செய்த ஒருவன் ராசிபுரம் பக்கத்து அருந்ததியர் காலனிப் பையன். பெயரை எழுதவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான். அவன் தம்பி இன்றைக்கும் வேலைக்கு அதே ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டும். அதனால் எழுதவில்லை.

ஒரு டிசம்பர் கடைசியில் புத்தாண்டு விளக்குக் கட்டும்போது அவன் விழுந்தான். இடுப்பில் பட்டை போட்டிருந்தான், ஆனால் பட்டையை மாட்ட மேலே கொக்கி இல்லை. தண்ணீர்க் குழாயில் மாட்டியிருக்கிறான். குழாய் பெயர்ந்துவிட்டது. இரண்டு மாடி கீழே துருத்திக்கொண்டிருந்த சிமெண்ட் தளத்தில் முதுகு அடிபட விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. காண்ட்ராக்ட்காரர் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, போன் நம்பரை மாற்றிவிட்டார். கட்டடத்துக்காரர்களைப் போய்ப் பார்த்தோம். "அவர் எங்க ஆளே இல்லையே, ஏஜென்சி ஆள்" என்றார்கள். மறுநாள் வேறு ஒருவன் ஏறி மிச்சத்தைக் கட்டினான். புத்தாண்டுக்கு விளக்கு நேரத்துக்கு எரிந்தது. தம்பி அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். ஒரு வார்த்தையும் கூட எழுதவில்லை.

*

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. படிக்கிற தோழர்கள் மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளலாம். வேலையில் அடிபட்டவனுக்கு ஈடு தரச் சொல்கிற சட்டம் 1923-ல் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் வந்தது. நாடு முழுவதற்குமான கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-ல் வந்தது. மூன்றும் சும்மா வரவில்லை, தொழிலாளிகள் தெருவில் நின்று வாங்கியவை. ஆனால் கட்டடம் கட்டுகிறவனுக்கு வாரியம் இருக்கிறது என்றால், கட்டி முடித்த கட்டடத்துக்குப் பூ வைக்கிறவன் எந்தக் கணக்கில் வருவான்? மூன்று ராத்திரி வேலைக்கு வந்தவனைக் கட்டுமானத் தொழிலாளி என்று யார் பதிவு செய்கிறார்கள்?

1923 சட்டத்தின் 12-ஆவது பிரிவில், வேலையை ஏஜென்சிக்கு விட்டாலும் வேலையை விட்ட முதலாளியே ஈடு தர வேண்டும் என்று இருந்தது. நல்ல பிரிவு. அதற்குள்ளேயே ஒரு சந்தும் வைத்திருந்தார்கள். அந்த வேலை முதலாளியின் தொழிலில் வழக்கமாக வருகிற வேலையாக இருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் கம்பெனிக்கோ, நகைக்கடைக்கோ, வங்கிக்கோ சுவரில் விளக்கு மாட்டுவது வழக்கமான தொழிலா? இல்லை என்று வக்கீல் வாதாடுவார். பெருமை கட்டடத்துக்காரருக்கு, பழி ஏஜென்சிக்கு, முதுகெலும்பு எங்க பையனுக்கு.

இந்த நாட்டில் உயரமான கட்டடத்தின் வரலாறே இப்படித்தான். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் வந்த கூலிகள். அந்தக் கட்டடம் மட்டும் நின்றிருந்தால் இன்றைக்கு அதன் மேலும் விளக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

*

"அவனவன் காசு, அவனவன் கரண்டு பில்லு, உனக்கு என்ன வயித்தெரிச்சல்?" என்று கேட்கிற ஆட்கள் உண்டு. எல்.இ.டி. வந்த பிறகு கரண்டு செலவே இல்லை என்று கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. சரி, கணக்கையே பேசுவோம்.

தமிழ்நாட்டு மின்கட்டண ஒழுங்கில் கட்டடத்துக்கு வெளியே அலங்காரத்துக்குப் போடுகிற விளக்குக்கு என்று ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள். 'ஆடம்பர ஒளியூட்டல்' என்பது அதன் பொருள். அதற்குக் கட்டணமும் உயர்வு. ஆடம்பரம் என்ற சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை, அரசாங்கமே வைத்த பெயர். ஆடம்பரம் என்று தெரிந்தே, கூடுதல் காசு கொடுத்தால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். மின்சாரம் காசு இருந்தால் வாங்கிக்கொள்கிற கடைச் சரக்கு என்று ஆனபிறகு, காசு இல்லாதவன் இருட்டில்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1988-89-ல் மத்திய அரசு தலித், பழங்குடி, ஏழைக் குடும்பங்களுக்கு 'குடிர் ஜோதி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு விளக்கு. தமிழ்நாட்டில் குடிசைகளுக்குக் கொடுத்த இலவச இணைப்பும் அப்படித்தான் தொடங்கியது. ஒரு குடிசை, ஒரு பல்பு, 40 வாட்ஸ். இரண்டாவது பல்பு மாட்டினால் திருட்டு. இஸ்திரிப் பெட்டி மாட்டினால் அபராதம். குடிசைக்காரனுக்கு வாட்ஸ் எண்ணிக் கொடுத்த நாடு, மாடிக்காரன் சுவரில் எத்தனை ஆயிரம் வாட்ஸ் ஓடுகிறது என்று எப்போதாவது எண்ணியதா?

அந்த ஒற்றை பல்பையும் நான் இழிவாகப் பேச மாட்டேன். அதன் கீழே படித்துத்தான் நான் எழுதக் கற்றேன். அந்த அளவு போதும் என்று யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் என் சண்டை.

2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாடு இருண்டு கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2012-ல் சென்னைக்கு மின்வெட்டு இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம், அதற்கும் மேலே. ஒரே மாநிலம், ஒரே வாரியம், ஒரே கம்பி. தலைநகரத்து மாடி மினுக்க வேண்டும் என்பதற்காகத் தறி நின்றது, மோட்டார் நின்றது, பத்தாம் வகுப்புப் பிள்ளை மண்ணெண்ணெய் தேடி அலைந்தது. மின்சாரம் பிறக்கிற இடத்தையும் பாருங்கள். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை அடைத்தது. மீனவர் வலையில் மீனுக்குப் பதில் சாம்பல் சேறு ஏறியது. எங்கள் மலையிலும் ஓடைகளை மறித்துத் தண்ணீரைக் குழாயில் கீழே இறக்கி 20 மெகாவாட் எடுக்க ஒரு நீர்மின் திட்டம் போட்டார்கள். தண்ணீர் இறங்குகிற வழி தெரிகிறது. அந்த வெளிச்சம் மலை ஏறி எங்கள் ஊருக்குத் திரும்பி வருகிற வழியை யாராவது வரைந்து காட்டுங்கள்.

*

அம்பேத்கரைச் சிலையாகவும் சட்டப் புத்தகமாகவும் மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரமும் அவர் கையில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சக்திக்கான கொள்கைக் குழுவைக் கூட்டி, தலைமை தாங்கிப் பேசினார். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும், தொழில் பெருகி வறுமைச் சுழலிலிருந்து மக்கள் வெளியேற அது கருவி என்பது அவர் நிலை. கிராமத்தைச் சாதிக் கிணறு என்று பார்த்தவர் அவர். அந்தக் கிணற்றிலிருந்து ஏறிவர ஏணியாக மின்சாரத்தைப் பார்த்தார். அந்த ஏணியைத்தான் இன்றைக்கு மாடிச் சுவரில் சாத்தி விளக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சேரிக்கு மின்சாரம் வந்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள். ஊர்த்தெரு முழுக்கக் கம்பம் நட்டு, காலனி திரும்புகிற முனையில் கம்பம் தீர்ந்துபோகிற கதை எத்தனை ஊரில்! மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகள் வராமல் தடுக்க 1989-ல் சுவர் எழுப்பினார்கள். 2008-ல் அந்தச் சுவர் மேல் கம்பி போட்டு மின்சாரம் பாய்ச்சினார்கள். போராட்டத்துக்குப் பிறகு மின்வேலியை எடுத்தார்கள், மே 6 அன்று சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். தெருவிளக்குக்குப் பஞ்சமான கரண்டு தீண்டாமைச் சுவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? தமிழ்நாடு இருண்டு கிடந்த அதே 2012-ல், நவம்பர் 7 அன்று, தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. அன்றைக்குச் சேரிக்குக் கிடைத்த வெளிச்சம் அது.

*

இப்போது ரிப்பன் மாளிகைக்கு வருவோம். 1913-ல் திறந்த வெள்ளைக் கட்டடம், சென்னை மாநகராட்சியின் தலைமை இடம். சுதந்திர தினம் என்றால் மூவர்ணம், புற்றுநோய் விழிப்புணர்வு என்றால் இளஞ்சிவப்பு. விளக்கின் நிறத்தால் கருத்துச் சொல்கிற கட்டடம்.

2025 ஆகஸ்ட் 1 அன்று அதன் வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்கள் வேலையைப் பறிக்காதே, நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். இரண்டாயிரம் பேரளவு வேலை பற்றிய கேள்வி. உட்கார்ந்தவர்களில் பெண்கள் அதிகம். பெரும்பாலும் தலித்துகள். பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் கிடந்தார்கள். நடைபாதையைக் காலி செய்ய வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை இழுத்து வண்டிகளில் ஏற்றியது. இரண்டு நாள் கழித்து சுதந்திர தினம்.

ஊருக்கு வெளிச்சம் போட்டுக் காட்டுகிற மாளிகை, தன் வாசலைக் கூட்டுகிறவளை நள்ளிரவில்தான் அப்புறப்படுத்தியது. பகலில் செய்ய ஏன் கூச்சம்? எந்த நிற விளக்குப் போட்டால் அந்தப் பெண்களின் கோரிக்கை அந்தச் சுவரில் தெரியும்? விளக்கு ஓடுகிற நகரத்தின் ஒவ்வொரு காலையும் அவர்கள் கையால்தான் விடிகிறது. ஒரு வாரம் அவர்கள் கையைக் கட்டட்டும், உங்கள் ஒளி வெள்ளம் எதன் மேல் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

நகரத்துக்குள் இடமில்லை என்று கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் பெயர்த்தவர்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகள். 2020-ல் கண்ணகி நகர் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் வரைந்து அதைக் கலை வட்டாரம் ஆக்கினார்கள். வரைந்த கலைஞர்களை நான் திட்டவில்லை. ஆனால் பெரும்பாக்கத்தில் ஏழைகளுக்கும் உயரமான கட்டடம்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே லிப்ட் நின்றுபோகிறது, கர்ப்பிணி படியேறுகிறாள். பணக்காரன் உயரத்துக்கு வெளியே விளக்கு, ஏழையின் உயரத்துக்கு உள்ளேயும் இருட்டு.

கடல் தாண்டியும் இதே கதைதான். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. பேப்பர் இல்லாமல் பரீட்சை நின்றது, மருந்து இல்லை, டீசல் வரிசையில் ஆட்கள் செத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சீனக் கடனில் கட்டிய 350 மீட்டர் தாமரைக் கோபுரத்தைக் கொழும்பில் பொதுமக்களுக்குத் திறந்து, டிக்கெட் போட்டு வேடிக்கை காட்டினார்கள். துபாயில் 2010-ல் திறந்த 828 மீட்டர் புர்ஜ் கலீபாவின் உடம்பு முழுக்க விளக்குப் படம் ஓடுகிறது. அதைக் கட்டிய தெற்காசியக் கூலிகளின் முகாம் அந்தப் படத்தில் வருவதில்லை.

*

இங்கே இன்னொரு கூட்டத்தோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. வெளிச்சம் அதிகமாகிவிட்டது, பறவை திசை தப்புகிறது, நட்சத்திரம் தெரியவில்லை என்று கவலைப்படுகிறவர்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அவர்களில் சிலர் நட்சத்திரம் பார்க்க எங்கள் மலைக்கு வருகிறார்கள். "எவ்வளவு அழகான இருட்டு! இதை அப்படியே காப்பாத்துங்க" என்கிறார்கள். ஒரு ராத்திரி பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு இருட்டு அழகு. பாம்பு கடித்தவனை டார்ச் வெளிச்சத்தில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனிடம் கேளுங்கள்.

எங்கள் குக்கிராமத்திலிருந்து தார் ரோட்டுக்கு வருகிற பாதையில் நாலு கம்பம், நாலு விளக்கு கேட்டு நாங்கள் மனு எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஒரு அலுவலகத்தில் "காட்டு வழி, அனுமதி வேணும்" என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் "இத்தனை பேருக்காக இவ்வளவு செலவா?" என்றார்கள். ஆனால் ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா வந்தால் செம்மேடு முழுக்க விளக்குத் தோரணம். ஜெனரேட்டர் மலை ஏறுகிறது, மந்திரிகள் ஏறுகிறார்கள், மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி. மூன்றாம் நாள் எல்லாம் இறங்கிவிடும். அள்ளிக் கொடுத்த வள்ளல் பெயரில் இரண்டு ராத்திரி வெளிச்சம் கடன் கொடுக்கிறார்கள்.

மாடியை மினுக்குகிறவனும் மலை இருட்டை ரசிக்கிறவனும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். இருவருக்கும் நாங்கள் காட்சிதான். ஒருவன் படத்தில் நாங்கள் இல்லை, இன்னொருவன் படத்தில் நாங்கள் இருட்டாக இருக்க வேண்டும்.

*

அடுத்தவனைத் திட்டி முடித்தாயிற்று, இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

இந்த இதழில் நான் எழுதுவது எங்கள் மலையில் சிலருக்குப் பிடிக்காது. "நாம மலையாளிக் கவுண்டரு. காஞ்சிபுரத்துல இருந்து வந்த வம்சம். நீ எதுக்கு அவங்களோட சேந்து எழுதற?" என்பார்கள். அரசாங்கச் சான்றிதழில் பழங்குடி, பேச்சில் கவுண்டர். மேலே பார்த்துக் கும்பிடவும் கீழே பார்த்து மிதிக்கவும் சாதி எங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

விழுந்தானே அந்தப் பையன், விழுவதற்குச் சில மாதம் முன்னால் ஓரி விழாவுக்குத் தம்பியோடு எங்க ஊட்டுக்கு வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்தான். எந்த ஊர், யார் வீடு என்று எங்க அம்மா விசாரித்தாள். விசாரித்த பிறகு உள்ளே போய், எனக்கும் தம்பிக்கும் எவர்சில்வர் டம்ளரிலும் அவனுக்குப் பழைய அலுமினிய டம்ளரிலும் காப்பி கொண்டுவந்தாள். அவன் ஒன்றும் பேசவில்லை. குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். கழுவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

சென்னையில் ஒரே கயிற்றில் தம்பியும் அவனும் தொங்கினார்கள். மாடிக்காரனுக்கு இருவரும் ஒன்றுதான், ஏஜென்சி ஆள். மலைத் திண்ணையில்தான் இருவரும் வேறு வேறு. அவன் விழுந்த சேதி வந்த அன்றைக்கு அம்மா அழுதாள். "அந்தப் பையனா? அந்தப் பையனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் ஊட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். ஊர்த்தெருவோடு கம்பம் முடிந்துவிட்டது. காலனிக்குள் நாங்கள் போன் வெளிச்சத்தில் போனோம். அவன் அம்மா சொம்பில் தண்ணி கொடுத்தார். எங்க அம்மா ஒரு கணம் அந்தச் சொம்பைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். அறுபது வயசில் முதல் தடவை. அதற்கு ஒரு பையனின் முதுகெலும்பு விலையாகப் போயிருக்கிறது. இதில் பெருமைப்பட எங்களுக்கு ஒன்றுமில்லை.

*

தோழர்களே, கொல்லிமலைக்கு ஒரு பழைய கதை உண்டு. கொல்லிப்பாவை. பார்க்க அழகு, சிரிக்கும், கிட்டே வந்தவனைக் கொன்றுவிடும். எங்கள் மலையில்தான் அந்தப் பாவை இருக்கிறது என்று புலவர்கள் பாடினார்கள். இப்போது அது சென்னையில் குடியேறிவிட்டது. ராத்திரி ஏழு மணிக்குச் சிரிக்கத் தொடங்குகிறது.

2023 ஏப்ரல் 2 அன்று எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சியில் இருந்த விளக்குப் பெயர்ப் பலகை தீப்பிடித்தது. உயிர்ச் சேதம் இல்லை, அணைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஆள் இல்லை. ஆள் இருக்கிற நாளில், கட்டிக்கொண்டிருக்கிற ராத்திரியில் நடந்தால் யார் பதில் சொல்வது? அதனால் என் கோரிக்கைகளைக் காகிதத்தில் எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். கட்டடத்தின் வெளிப்பக்கம் தொங்குகிற ஒவ்வொருவனுக்கும் கட்டடச் சொந்தக்காரனே பொறுப்பு என்று சட்டத்தில் சந்து இல்லாமல் எழுத வேண்டும். விளக்கு மாட்டுகிறவனையும் நல வாரியத்தில் சேர்க்க வேண்டும். கொக்கி இல்லாத மாடியில் விளக்குக்கு அனுமதி கூடாது. ஆடம்பர விளக்குக்கு வாங்குகிற கூடுதல் காசு, கம்பம் முடிந்துபோன காலனிக்கும் மலைப்பாதைக்கும் விளக்காக வர வேண்டும். அது வரும்வரை மின்வெட்டு என்று ஒன்று வந்தால், முதலில் அணைய வேண்டியது சுவர் விளக்கு, கடைசியில் அணைய வேண்டியது குடிசை விளக்கு.

மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊரில் மினுக்குகிற ஒரு மாடியைத் தேர்ந்தெடுங்கள். அந்த விளக்கைக் கட்டியவர்கள் யார், எந்த ஊர், எந்தத் தெரு, என்ன கூலி, அடிபட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போய் எழுதுங்கள். விழுந்தவர்களின் கணக்கு எந்த ஆபீசிலும் இல்லை. நாம்தான் எடுக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறான். போன மாதம் போனபோது செத்துப்போன சீரியல் செட்டு ஒன்றை மடியில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பல்பு போனாலும் சரம் முழுக்க அணைந்துவிடுகிற பழைய வகை. "எது போச்சுன்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கணும்ண்ணா. விட்டா சரமே எரியாது" என்றான்.

காலனி முனையில் இன்னும் கம்பம் வரவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். இந்தத் தடவை இரண்டு ஊர்க் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கிறது.